செல்லமுத்து அளந்த நூறு கெஜம்

மே முப்பத்தொன்று புகையிலை எதிர்ப்பு நாள். அன்றைக்கு வரும் இணைப்பிதழுக்கு அரைப் பக்கம் வேண்டும் என்று எங்கள் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஏப்ரல் மாதமே போன் வந்துவிட்டது. கொல்லிமலையில் ஒரு பெட்டிக்கடைக்காரர், சிகரெட் கம்பெனி நடத்திய கார் பந்தயத்தையே எதிர்த்து நின்று ஜெயித்தாராமே, அவரைப் பற்றி ஊக்கம் தரும்படி எழுத வேண்டுமாம். நான் சேந்தமங்கலத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பகுதிநேர நிருபர். ஊக்கம் தரும்படி எழுது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஜெயித்தவர் வீட்டுக்கு எதை எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்காதவரைக்கும்தான் அந்த மாதிரிக் கட்டுரைகள் ஊக்கம் தரும். இருந்தாலும் பஸ் ஏறினேன். பெட்ரோல் காசு தரமாட்டார்கள், பஸ் டிக்கெட் தருவார்கள்.

செல்லமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்று. கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் தும்பைக்காடு என்று நாற்பது வீட்டுச் சிற்றூர். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன், யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினெட்டு வயதில் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ஏறி, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று அலைந்து, முகம் தெரியாதவர்கள் தோட்டத்திலெல்லாம் ஆயிரம் அடி துளைத்தார். கம்ப்ரசர் சத்தத்தில் இடது காது போனது. பதினான்கு வருடம் கழித்து ஊர் திரும்பி இருசாயியைக் கட்டிக்கொண்டு, மலைச்சாலையின் நாலாவது வளைவில் தகரக் கொட்டகை போட்டுக் கடை வைத்தார். கடைக்குப் பெயர் கிடையாது. போர்வண்டிக்காரர் கடை என்றால் பஸ் டிரைவரே நிறுத்தி இறக்கிவிடுவார்.

கல்யாணமாகிப் பதினோராவது வருடம் ஒரு பெண் பிறந்தாள். வித்யாஸ்ரீ. அந்தப் பெயரைச் சொல்லும்போது செல்லமுத்து இன்னும் கொஞ்சம் தடுமாறுவார். நர்ஸ் எழுதிக் கொடுத்த பெயர் அது. இப்போது மூன்றாம் வகுப்பு. இந்தப் பிள்ளை படித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சாலையின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வந்த வினை எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். தும்பைக்காட்டுச் சாலையில் பதினொரு வளைவுகள். பள்ளிக்கூடம் முதல் வளைவில் இருந்தது, செல்லமுத்துவின் கடைக்கு நேர் கீழே. ரோட்டு வழியாகப் போனால் ஒன்றேகால் கிலோமீட்டர். சரிவில் இறங்கினால் ஐந்து நிமிடம். மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம் செல்லமுத்து கடப்பாரை எடுத்துச் சரிவில் படி வெட்டினார். கடையில் உட்கார்ந்தபடியே நல்ல காதைக் கீழே திருப்பி வைத்துக்கொண்டால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். ஏழாம் வாய்ப்பாடு தனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். சொல்லிக் காட்டச் சொன்னேன். ஏழெட்டு ஐம்பத்தாறு வரைக்கும் சரியாக வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை அனுராதா, புகையிலை இல்லாப் பள்ளி என்று ஒரு சான்றிதழுக்கு எழுதிப் போட்டார். ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் அம்மாள், நல்ல மனசு. சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால் பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கும் கடை இருக்கக் கூடாது. அளப்பதற்குச் சுகாதார ஆய்வாளர் சதீஷ்குமார் டேப்போடு வந்தார்.

மலையில் ஒரு பழக்கம் உண்டு. டேப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் ஏதோ கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ரோடு அப்படித்தான் வந்தது, கரண்டுக் கம்பம் அப்படித்தான் வந்தது. டேப்காரருக்கு மோர் கொடுத்து நிழலில் உட்காரவைப்பது ஊர் வழக்கம். ரோட்டை அளந்தால் சட்டத்துக்குச் செல்லாது, நேர்க்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்று சதீஷ்குமார் சொன்னபோது செல்லமுத்துவுக்கு அது குடிதண்ணீர்க் குழாய் விவகாரம் என்றே தோன்றியது. குழாய்தானே நேராக வரும்! சரிவில் டேப் எட்டவில்லை. செல்லமுத்துவே வீட்டுக்கு ஓடி மாட்டுக் கயிறுகளை எடுத்து வந்து முடிச்சுப் போட்டு, ஒரு முனையைக் கடைக் காலில் கட்டி, மறு முனையைப் பிடித்துக்கொண்டு தான் வெட்டிய படியிலேயே இறங்கிப் பள்ளிச் சுவரைத் தொட்டார்.

"எத்தனை கெஜமுங்க?"

"எழுபதுங்க."

"அப்போ கொழாய் போட்டுறலாமுங்களா?"

"என்ன கொழாய்? நீங்க இனிமே பீடி சிகரெட் விக்கக் கூடாதுங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் சொந்தக் கயிற்றில் வைத்துக்கொண்டார். மறுநாளே பள்ளிக்கூடச் சார்பில், இங்கே புகையிலை விற்கக் கூடாது என்று ஒரு மஞ்சள் போர்டு கடைக் காலில் ஆணி அடித்து மாட்டப்பட்டது. வளைவில் நிறுத்தி ஒரு சிகரெட் பற்றவைத்து மலையைப் பார்க்கும் கூட்டம் மெதுவாக மேலே வேறு கடைக்குப் போனது. செல்லமுத்து அன்னாசிப் பழத்தை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவி விற்க ஆரம்பித்தார். தனக்கென்று ஒரு பீடி வேண்டுமென்றாலும் ஏழாவது வளைவு வரைக்கும் நடந்து போய்க் குடித்துவிட்டு வந்தார். "பீடிக்கோசரம் மலையேறுறவன் இந்தச் சில்லாவுலேயே நாந்தானுங்க," என்றார். சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை. மீறினால் டீச்சருக்குச் சான்றிதழ் போய்விடும், டீச்சர் மகளின் டீச்சர்.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் டிசம்பரில் ஆறுமுகசாமி என்று ஒருவர் வெள்ளைக் காரில் வந்தார். அடிவாரத்து ஆள். முதலில் கோழிப்பண்ணை, பிறகு மனை வியாபாரம், இப்போது பந்தய ஏற்பாட்டாளர். எழுபது வளைவு இருக்கும் பெரிய சாலையில் பந்தயம் நடத்த அனுமதி கிடைக்காததால், பதினொரு வளைவுள்ள தும்பைக்காட்டுச் சாலையைப் பிடித்திருந்தார். கார்கள் நாலாவது வளைவிலிருந்து புறப்பட்டு உச்சிக்கு ஏறும். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறாரோ அவருக்குக் கோப்பை. நாலாவது வளைவில் மட்டும்தான் லாரி திரும்பும் அளவுக்கு மட்டமான இடம் இருந்தது. அங்கே, செல்லமுத்துவின் கடையை ஒட்டி, பெரிய ஆர்ச் வரும் என்று சுண்ணாம்பில் குறி போட்டார்கள்.

செலவை ஏற்றுக்கொண்டது செம்பருந்து. புகை பிடிக்கிறவர்களிடம் கேட்டால் செம்பருந்து என்பது சிகரெட் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். சிவப்புப் பெட்டி, அதன்மேல் இறக்கை விரித்த வெள்ளைப் பருந்து. ஆனால் நம் நாட்டில் புகையிலைக்கு விளம்பரம் கூடாது, விளையாட்டுக்குப் பணம் கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்வதும் கூடாது. ஆகையால் வந்தது செம்பருந்து ஏலக்காய். வாய் மணக்க மெல்லுவதற்காம். அந்த ஏலக்காயை எந்தக் கடையிலும் யாரும் பார்த்ததில்லை. கொல்லிமலையில் ஏலக்காய் போட்டவன் விலை இல்லாமல் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறான், அவனிடமும் எந்தப் பருந்தும் வந்து கேட்டதில்லை.

இது ஆறுமுகசாமி கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக் கார் பந்தயங்களில் பல வருடம் கார்கள் சிகரெட் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரிதான் ஓடின. ஒவ்வொரு நாடாகத் தடை போட்டபோது, தடை உள்ள ஊரில் பெயரை எடுத்துவிட்டு அதே நிறத்தில் வெறும் கோடுகளை விட்டு ஓட்டினார்கள். பார்க்கிறவன் கோட்டைப் பார்த்துப் பெயரைப் படித்துக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் சொல்வதை அவர்கள் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் செய்தார்கள். இந்தப் பணம் இல்லையென்றால் பந்தயமே இல்லை என்று ஒரு கட்சி, இந்தப் பணத்தில் ஓடுகிற பந்தயம் எதற்கு என்று ஒரு கட்சி. அந்தச் சண்டைதான் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஜனவரி இருபத்தாறாம் தேதி தும்பைக்காட்டுக் கிராம சபைக்கு வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில்தான் சபை. நான் செய்தி எடுக்கப் போயிருந்தேன். பந்தய அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் விளம்பர அமைப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஆர்ச்சுக்கும் பள்ளிக்கும் தூரம் ஒன்றேகால் கிலோமீட்டர் என்று ஆறுமுகசாமி எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் செல்லமுத்து எழுந்தார். அவர் தோளில் மாட்டுக் கயிறு இருந்தது.

"ஏனுங்க, ஒண்ணேகால் கிலோமீட்டரு எதுல அளந்தீங்க?"

"ரோட்டுலதானுங்க. வேற எதுல அளக்கறது?" என்றார் ஆறுமுகசாமி.

"எங்கடைக்கு மட்டும் கவுத்துல அளந்தாங்களே. எனக்குக் கவுறு, உங்களுக்கு ரோடுங்களா? பீடிக்கொரு நாயம், காருக்கொரு நாயமுங்களா?"

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. ஆறுமுகசாமி லேசில் விடுகிற ஆள் இல்லை. பந்தயம் என்றால் என்ன, ஸ்பான்சர் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். "ஸ்பான்சர் இல்லீன்னா ஒரு டயர்கூடச் சுத்தாதுங்க. ஊருக்கு ரோடு போட்டுத் தராங்க, லைட்டு போட்டுத் தராங்க. இதுல புகையிலை எங்கீங்க வந்துச்சு? இது ஏலக்காய்ங்க."

"அப்புடீங்களா. சரி, நாளைக்கு ஒரு டசன் பாக்கெட்டு குடுத்தனுப்புங்க, நானே கடையில வெச்சு வித்துத் தாரேன்," என்றார் செல்லமுத்து. ஆறுமுகசாமி தண்ணீர் குடித்தார்.

அப்போது அனுராதா டீச்சர் எழுந்து ஒன்பது காகிதங்களைக் காட்டினார். பள்ளியில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள்தான். முந்தின வாரம் இரண்டு பந்தயக் கார்கள் வந்து சாலையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தன. பார்த்ததை வரையச் சொன்னாராம். ஒன்பது படங்களில் இரண்டு கார்களுக்குச் சக்கரம் இல்லை, ஒன்றுக்குக் கதவு கூரைமேல் இருந்தது. பருந்து இல்லாத படம் ஒன்றுகூட இல்லை. வித்யாஸ்ரீ காரையே விட்டுவிட்டுப் பருந்தை மட்டும் தாள் முழுக்க வரைந்து சிவப்பு அடித்திருந்தாள்.

மேடையில் இருந்த சதீஷ்குமாரிடம் கேட்டார்கள். அவர் எழுந்து, நேர்க்கோட்டில் அளப்பதுதான் முறை, செல்லமுத்து சொல்வது சரி என்று சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், சட்டத்தைப் படித்தவர், அதை யாருக்காகவும் வளைக்கத் தெரியாதவர். ஆர்ச்சும் பள்ளியும் ஒன்றுக்கொன்று நூறு கெஜத்துக்குள் இருக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. செல்லமுத்துவைத் தோளில் தூக்காத குறை. மறுநாள் எங்கள் பத்திரிகையில் 'கயிற்றால் கட்டினார் காரை' என்று என் பெயரில் செய்தி வந்தது. தலைப்பு வைத்தது நான் இல்லை.

தீர்மானத்தை எல்லோரும் ஒரே மாதிரிப் படித்தோம்: ஆர்ச் போய்விடும். ஆர்ச்சை நட்டவர்கள் மட்டும் வேறு மாதிரிப் படித்தார்கள். நூறு கெஜத்துக்குள் இரண்டும் இருக்கக் கூடாது என்றால், இரண்டில் எது லேசாக நகருமோ அதை நகர்த்தினால் போதும். ஆர்ச்சுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று, பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒன்பது பிள்ளைகள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு பொறியாளர் வந்து பள்ளியின் கூரையைத் தட்டிப் பார்த்தார். இந்த முறையும் ஊரில் மோர் கொடுத்தார்கள். கட்டடம் பாதுகாப்பாக இல்லை, பிள்ளைகளின் நலன் கருதி உடனே ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய பள்ளியோடு இணைக்கப்படுகிறது என்று உத்தரவு வந்தது. கூரையில் விரிசல் இருந்தது உண்மைதான். எட்டு வருடமாக இருந்தது, எட்டு வருடமாக டீச்சரும் எழுதிப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்கிறவர் காதில் அது விழுவதற்கு ஒரு கார் பந்தயம் தேவைப்பட்டிருக்கிறது. அனுராதா டீச்சரை வேறு ஒன்றியத்துக்கு மாற்றினார்கள். கிளம்பும் அன்று அவர் கடைக்கு ஏறி வந்து, ஒரு அன்னாசித் துண்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனாராம்.

"நீங்க செயிச்சது போதுங்க, இனிமே எங்கீயும் எந்திரிச்சுப் பேசாதீங்க," என்று இருசாயி கணவரிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் சதீஷ்குமார் வந்தார். பள்ளி இல்லாததால் மஞ்சள் போர்டுக்கு வேலையில்லை என்று முறைப்படி கழற்றி, செல்லமுத்துவிடம் சொன்னார்: "இனிமே நீங்க தாராளமா விக்கலாமுங்க." அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. சட்டத்தில் இருந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சாயங்காலமே கம்பெனியின் ஏஜெண்ட் நான்கு கட்டு சிகரெட்டோடு வந்தார். இரண்டு வருடமாக இதற்காகத்தானே குமுறினீர்கள் என்று செல்லமுத்துவிடம் கேட்டேன். "கீழ ஒரு சத்தமும் இல்லீங்க. காது போன பக்கத்தையே திருப்பி வெச்ச மாதிரி இருக்குது," என்றார். சிகரெட் வாங்கி வைத்தார், விற்றார். விற்காமல் இருந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான், எங்கள் ஆசிரியர் குழுவும் அதைத்தான் எதிர்பார்த்தது.

ஐந்து கிலோமீட்டர் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு இல்லை. அந்த வழியில் பஸ் காலை ஆறரைக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று. நடக்கலாம் என்றால், பந்தய ஒத்திகையைப் போனில் பார்த்துவிட்டு பைக்கில் வருகிறவர்கள் வளைவில் தரையோடு படுத்து ஓட்டுகிறார்கள். ஒன்பதில் ஐந்து பிள்ளைகள் முதல் வாரமே பள்ளியை விட்டு, மிளகு பறிக்கக் கொடிக்கு அடியில் நின்றுவிட்டன. செல்லமுத்து கடையைப் பூட்டிவிட்டு மகளை அழைத்துப் போய், அங்கேயே மரத்தடியில் காத்திருந்து, கூட்டி வந்தார். நான்காம் நாள் ஒரு பைக் உரசி அவர் முழங்கை பெயர்ந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊர் கூடி ஆறுமுகசாமியிடம் போனது. மனிதர் மறுப்பே சொல்லவில்லை. இதற்காகவே காத்திருந்தவர் போல, கம்பெனியின் சமூகநலத் திட்டத்தில் ஒரு வேன் ஏற்பாடு செய்தார். புது வேன், பதினான்கு சீட். ஒன்பது பிள்ளைகளும் திரும்பப் பள்ளிக்குப் போனார்கள். வேனின் இரண்டு பக்கமும் சிவப்பு, அதன்மேல் இறக்கை விரித்த வெள்ளைப் பருந்து. பெயர் எதுவும் இல்லை. 'உயரப் பற' என்று மட்டும் எழுதியிருந்தது.

பிப்ரவரி கடைசி ஞாயிறு பந்தயம் நடந்தது. நன்றாகவே நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு கார்கள், வளைவுக்கு வளைவு கூட்டம், காது கிழியும் சத்தம். ஆர்ச்சுக்கு அடியிலேயே சுகாதாரத் துறைக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள், அங்கே புகை நமக்குப் பகை என்று துண்டறிக்கை விநியோகம். ஒன்பது பிள்ளைகளும் சிவப்புத் தொப்பியோடு முன்வரிசையில் நின்று கொடி ஆட்டினார்கள். முதல் காருக்குக் கொடி காட்ட வித்யாஸ்ரீயைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். செல்லமுத்து கடையிலிருந்து அதைப் பார்த்தார். அன்று அவருக்கு ஆறு மாத வியாபாரம் ஒரே நாளில் ஆனது என்று ஊரில் சொன்னார்கள். அதைப் பற்றிக் கேட்டதற்கு, "புள்ள அழகா நின்னுச்சுங்க," என்றார். அந்த அழகு அவருக்குப் பிடித்திருந்ததா, வலித்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

சபையில் நேரில் பார்த்தது போக, மற்றதெல்லாம் நான் அவர் கடையில் உட்கார்ந்து கேட்டது, ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முதல் பஸ்ஸில் போயிருந்தேன். எட்டேகால் மணிக்கு வேன் வந்து நின்றது. வித்யாஸ்ரீ பையோடு ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். டிரைவர் வண்டியை எடுப்பதற்குள் பின்னாலேயே ஒரு பைக் வந்து குறுக்கே நின்றது. சதீஷ்குமார்.

வேனைப் பற்றிச் சென்னையிலிருந்து யாரோ புகார் எழுதியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் போகும் வண்டியில் சிகரெட் பெட்டியின் படம் என்று. புகாரில் ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு பொய்யும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"கம்பெனிக்காரங்க இது ஏலக்காய் அடையாளம்ங்கறாங்க," என்றார் சதீஷ்குமார். "இதைப் பாத்தா ஜனங்களுக்கு சிகரெட் ஞாபகம் வருதா இல்லையான்னு உள்ளூர் ஆளுங்க எழுதித் தரணும். நீங்க பதினேழு வருசம் இந்த சிகரெட்டை வித்தவரு. சபையில எந்திரிச்சுக் கேட்டவரு. உங்க வாக்குமூலம் இருந்தா நான் இன்னிக்கே நடவடிக்கை எடுத்துடுவேனுங்க."

செல்லமுத்து நல்ல காதைத் திருப்பி முழுவதையும் கேட்டார்.

"இந்தப் படத்தை மட்டும் அழிச்சுட்டு வண்டியை ஓட்டலாமுங்களா?"

"கேட்டுப் பாத்தேனுங்க. படத்தை அழிச்சா வண்டியைத் திருப்பி எடுத்துக்குவாங்க. ஒப்பந்தம் அப்படித்தான் போட்டிருக்காங்க."

"வேற வண்டி?"

"கேட்டு எழுதறேன். வர நாளாகுமுங்க." எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

உள்ளிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "அப்பா, நேரமாச்சுப்பா. இன்னிக்குப் பரீட்சை," என்றாள் வித்யாஸ்ரீ.

எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். உலகத்துப் பெரிய பந்தயக்காரர்களும் மந்திரிகளும் வருடக்கணக்கில் வாதாடிய வழக்கு, பெயரை எடு என்றால் பணத்தை எடுத்துக்கொண்டு போவோம் என்கிற அதே வழக்கு, முழங்கையில் காயத் தழும்போடு நிற்கும் ஒரு பெட்டிக்கடைக்காரர் முன்னால் வந்து நின்றது. தீர்ப்புச் சொல்ல அவருக்குக் கிடைத்த அவகாசம் பள்ளி மணி அடிப்பதற்குள்.

செல்லமுத்து வேனுக்குப் பக்கத்தில் போனார். படத்தைக் கையால் தடவிப் பார்த்தார், தூசியைத் துடைக்கிற மாதிரி.

"இது பருந்துங்க," என்றார். "மலைமேல பறக்குமே, அது. இதைப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலீங்க."

சதீஷ்குமார் அவரையே பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். எல்லாம் அவருக்கும் புரிந்திருந்தது. அவருக்கும் நாமக்கல்லில் ஒரு பிள்ளை படிக்கிறது. பைக் சீட்டின்மேல் தாளை வைத்து, கேட்டதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி நீட்டினார். செல்லமுத்து பேனாவை இறுகப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். சாட்சிக்கு இன்னொருவர் வேண்டும் என்றார் சதீஷ்குமார். அங்கே டிரைவரையும் பிள்ளைகளையும் விட்டால் நான்தான் இருந்தேன்.

போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது, கூசாமல் எழுதிய பொய் அது ஒன்றுதான். வேன் கிளம்பி அடுத்த வளைவில் மறைந்தபோது எனக்கு வந்தது நிம்மதி. வெட்கம் பஸ்ஸில் மலை இறங்கும்போதுதான் வந்தது.

சதீஷ்குமார் போன பிறகு செல்லமுத்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். பைக்கில் வந்த ஒருவன் செம்பருந்து கேட்டான், எடுத்துக் கொடுத்துச் சில்லறையை எண்ணிப் போட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் கேட்டார்.

"ஏனுங்க, என்னைப் பத்திப் பேப்பர்ல எழுதறீங்களாமே?"

"ஆமாங்க. மே மாசக் கடைசியில வரும்."

"வேண்டாமுங்க," என்றார். "எம்புள்ள இப்பப் பேப்பர் படிக்குமுங்க."